22 முகங்கள், ஒரு சுவர்: ஊடாடும் ஆவணப்படத்தைத் தனியாகப் பார்ப்பதா, கூடிப் பார்ப்பதா?

இரவுவிளக்கு

வணக்கம் நண்பர்களே. கொஞ்சம் நீளமான பதிவு, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூன்று வருடமாக இரவுப்பணி செய்பவர்களைப் படம் எடுத்து வருகிறேன். காவலாளி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர், பிரசவ வார்டு செவிலியர், தண்ணீரேற்று நிலையத்தில் வால்வு திறப்பவர் என்று மொத்தம் 22 பேர். ஆளுக்கு மூன்று, நான்கு நிமிடத்தில் ஒரு துண்டு. முதலில் 70 நிமிடப் படமாகத் தொகுக்கப் பார்த்தேன், வரவில்லை. யாரை முதலில் வைத்தாலும் அவர்தான் நாயகர் போலவும் மற்றவர்கள் அவருக்குப் பின்னால் வருகிறவர்கள் போலவும் ஆகிவிடுகிறது. அதனால் ஊடாடும் ஆவணப்படமாகச் செய்யலாம் என்று இறங்கினேன். இணையதளத்தில் 22 முகங்கள் இருக்கும். யாரைத் தொடுகிறோமோ அவருடைய இரவு திறக்கும். வரிசை கிடையாது.

முதல் வடிவத்தை ஒரு தோழியிடம் கொடுத்துப் பார்க்கச் சொன்னேன். பக்கத்தில் உட்கார்ந்து கவனித்தேன். ஆறு நிமிடத்தில் பதினொரு முகங்களைத் தொட்டாள். ஒன்றைக்கூட முடிவு வரை பார்க்கவில்லை. செவிலியர் தன் முதல் பிரசவ இரவைச் சொல்ல ஆரம்பித்து, மூச்சு வாங்கி நிறுத்துகிறார். அந்த நிறுத்தத்தில்தான் அவள் அடுத்த முகத்துக்குப் போனாள். எனக்கு அந்தத் துண்டிலேயே பிடித்தது அந்த நிறுத்தம். அவளைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. திரையரங்கில் கண் கலங்கி உட்கார்ந்திருப்பவள்தான் அவளும். கையில் மவுஸ் இருந்தால் விரல் சும்மா இருக்காது, எனக்கும் அப்படித்தான்.

அன்றைக்கு எனக்குப் பழைய நாள் ஒன்று நினைவுக்கு வந்தது. 2014 இருக்கும். ‘வெல்கம் டு பைன் பாயிண்ட்’ என்ற ஊடாடும் ஆவணப்படத்தை நாங்கள் பன்னிரண்டு பேர் ஒரு அறையில் சுவரில் போட்டுப் பார்த்தோம். கனடாவின் தேசியத் திரைப்பட வாரியம் 2011-ல் வெளியிட்டது. சுரங்கத்துக்காகவே உருவான ஒரு ஊர், சுரங்கம் மூடியதும் ஊரும் இடிக்கப்பட்டுப் போய்விட்டது. அங்கே வளர்ந்தவர்களின் புகைப்படங்கள், வீடியோக்கள், நினைவுகள் எல்லாம் ஒரு ஆல்பம் போலப் பக்கம் பக்கமாக வரும். அடுத்த பக்கத்துக்கு நாம்தான் நகர்த்த வேண்டும்.

மவுஸ் என் கையில் இருந்தது. இரண்டாவது பக்கத்திலேயே பின்னால் இருந்து ஒருவர், “இருங்க, நான் இன்னும் படிச்சு முடிக்கலை” என்றார். ஆங்கிலம் சரளமாக வராதவர்கள் மூன்று பேர் இருந்ததால் ஒருவர் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். அப்புறம் ஒவ்வொரு பக்கத்துக்கும் நான் திரும்பிப் பார்ப்பது வழக்கமாகிவிட்டது. “போகலாமா?” பதினொரு முகமும் தலையாட்டும், அல்லது யாராவது ஒருவர் கையைக் காட்டி நிறுத்துவார். தனியாக அரை மணி நேரத்தில் முடிக்கும் படைப்பு அன்றைக்கு இரண்டு மணி நேரம் ஓடியது. முடிந்ததும் தாங்கள் விட்டு வந்த ஊரைப் பற்றி ஆளாளுக்குப் பேச ஆரம்பித்துவிட்டார்கள்.

என் கேள்வி இதுதான். இந்த 22 துண்டுகளை இணையத்தில் போடுவதா, இல்லை இணையத்தில் போடாமல் ஒரு அறையில், ஆட்கள் முன்னால் மட்டும் காட்டுவதா? இப்படி யாராவது செய்திருக்கிறீர்களா?

பனைநிழல்

செய்திருக்கிறார்கள், இணையம் வருவதற்கு முன்பே. 1967-ல் மாண்ட்ரியல் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியா அரங்கில் ‘கினோஆட்டோமாட்’ என்று ஒன்றை வைத்தார்கள். ராடூஸ் சின்செரா உருவாக்கியது. ஆவணப்படம் இல்லை, நகைச்சுவைக் கதைப்படம். ஆனால் உங்கள் கேள்விக்கு நேராக வந்து சேருகிறது. 127 இருக்கைகள், ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்புப் பொத்தான், ஒரு பச்சைப் பொத்தான். முக்கியமான இடங்களில் படம் நிற்கும், தொகுப்பாளர் மேடைக்கு வந்து அடுத்து என்ன ஆகலாம் என்று கேட்பார். பெரும்பான்மை எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் கதை போகும்.

பலரும் இதோடு நிறுத்திவிடுவார்கள். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. திரையைச் சுற்றி இருக்கை எண்கள் இருந்தன. யார் எந்தப் பொத்தானை அழுத்தினாரோ அவர் எண் அந்த நிறத்தில் எரியும். அதாவது நீங்கள் என்ன தேர்ந்தெடுத்தீர்கள் என்பது அறைக்கே தெரியும். பக்கத்து இருக்கைக்காரர் உங்களைத் திரும்பிப் பார்ப்பார். உங்கள் தோழி செவிலியரின் பேச்சைப் பாதியில் விட்டுப் போனது அவளுக்கும் உங்களுக்கும் மட்டும்தான் தெரியும். நீங்கள் பக்கத்தில் இல்லாவிட்டால் அவளுக்கே தெரிந்திருக்காது.

பிறர் பார்க்க ஒன்றைத் தேர்ந்தெடுக்கும்போது தேர்வுக்கு ஒரு கனம் வந்துவிடுகிறது. அறையில் காட்டுங்கள் என்பதுதான் என் கட்சி.

கோடுகள்_புள்ளிகள்

நான் இணையதளம் கட்டும் வேலை செய்கிறவன். இரண்டு, மூன்று ஊடாடும் ஆவணப்படங்களுக்கு நிரல் எழுதியிருக்கிறேன், அதனால் எதிர்ப்பக்கம் பேசுகிறேன்.

கினோஆட்டோமாட்டைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எந்தப் பக்கம் வாக்களித்தாலும் கதை அடுத்த கேள்விக்கு முன்னால் ஒரே இடத்துக்கு வந்து சேர்ந்துவிடும். கிளை பிரிவது போலத் தெரியும், உண்மையில் பின்னல். 127 பேருக்கும் தேர்ந்தெடுத்தோம் என்ற உணர்வு கிடைத்தது, தேர்வு கிடைக்கவில்லை. அறையில் எல்லோருக்கும் ஒரே படத்தைத்தான் ஓட்ட முடியும் என்பதால் வரும் சிக்கல் இது. இணையத்தில் அந்தக் கட்டாயம் இல்லை. அடுக்குமாடி வாழ்க்கையைப் பற்றிய ‘ஹைரைஸ்’ என்ற ஆவணப்படத் திட்டத்தில் கேத்தரினா சிசெக் 2010-ல் செய்த ‘அவுட் மை விண்டோ’வில் 13 நகரங்களின் அடுக்குமாடி வீடுகள், 49 கதைகள். எந்த ஜன்னலில் எவ்வளவு நேரம் நிற்பது என்பது முழுக்க என் விருப்பம். அதே ஜன்னலுக்கு நான்கு முறை திரும்பிப் போயிருக்கிறேன். ஒரு அறையில் எனக்காக யாராவது நான்கு முறை திரும்பிப் போவார்களா?

இரண்டாவது விஷயம், தனிமை சில நேரம் பாதுகாப்பு. பெருவில் 1990-களில் கட்டாயக் கருத்தடைக்கு ஆளான பெண்களும் ஆண்களும் சொன்னவற்றை வைத்து உருவானது ‘கீப்பு’ திட்டம், 2015-ல் வெளிவந்தது. இணையம் எட்டாத ஊர்கள் என்பதால் இலவசத் தொலைபேசி இணைப்பு ஒன்றை வைத்தார்கள். அழைத்து, தங்கள் கதையைப் பதிவு செய்யலாம், மற்றவர்கள் சொன்னதைக் கேட்கலாம். உலகத்தின் வேறு மூலையில் இணையதளத்தில் கேட்பவர் பதில் பேசிப் பதிவு செய்தால் அதுவும் அந்தத் தொலைபேசிக்கே போய்ச் சேரும். பல வருடம் வாயைத் திறக்காதவர்கள் ஒரு ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு, ‘எனக்கு மட்டும் இல்லை’ என்று தெரிந்துகொண்டார்கள். அவர்களை ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து ஆரம்பித்திருந்தால் எத்தனை பேர் பேசியிருப்பார்கள்?

ஆகவே இரவுவிளக்கு, கை நகர்ந்துகொண்டே இருப்பது வடிவமைப்பில் உள்ள சிக்கலாக இருக்கலாம். 22 முகங்களையும் ஒரே திரையில் அடுக்கினால் கடை அலமாரி போலத்தான் இருக்கும். பார்வையாளரைத் திட்டுவதற்கு முன் அதை மாற்றிப் பாருங்கள்.

நடுவரிசை

நாடகப் பக்கத்திலிருந்து வருகிறேன். ஒரு விஷயம் மட்டும்.

1968-ல் அர்ஜென்டினாவில் சோலனாஸும் கெட்டினோவும் எடுத்த ‘நெருப்பு அடுப்புகளின் நேரம்’ ரகசியமாகத்தான் திரையிடப்பட்டது. நடுவில் படத்தை நிறுத்தி விவாதிக்க வேண்டும் என்பது படத்துக்குள்ளேயே இருந்தது. புரொஜெக்டரை நிறுத்தி, விளக்கைப் போட்டு, பேசிவிட்டு மறுபடி தொடங்குவார்கள். பொத்தானும் இல்லை, வாக்கும் இல்லை. படம் பார்ப்பதையே ஒரு செயல் என்று அவர்கள் அழைத்தார்கள்.

ஊடாட்டம் என்றால் பொத்தான் என்று நாம் நினைத்துவிட்டோம். நிறுத்தமும் ஊடாட்டம்தான். உங்கள் செவிலியர் நிறுத்துகிறாரே, அங்கே படத்தையும் நிறுத்துங்கள்.

செவ்வந்தி

எல்லோரும் அறை, அறை என்கிறீர்கள். நான் கடந்த ஐந்து வருடமாக வீட்டை விட்டு அதிகம் வெளியே போக முடியாத நிலையில் இருக்கிறேன். உடல்நிலைதான், விவரம் வேண்டாம். படிக்கட்டுள்ள இடம், கூட்டம், இரண்டு மணி நேரம் நிமிர்ந்து உட்காருவது, மூன்றும் எனக்கு ஆகாது. 2020-ல் பெருந்தொற்று வந்து திரைவிழாக்கள் இணையத்துக்கு மாறியபோது, மற்றவர்களுக்குக் கதவு மூடியது, எனக்குத் திறந்தது. அந்த இரண்டு வருடத்தில் பார்த்த அளவு ஆவணப்படங்களை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை. அப்புறம் எல்லாம் “பழைய நிலைக்குத் திரும்பியது”. கதவும் திரும்ப மூடியது.

இரவுப்பணி பற்றிய படம் என்கிறீர்கள். தூக்கம் வராத இரவுகளில் வெளியே கேட்கும் சத்தங்களோடு இருப்பவள் நான். இந்தப் படத்துக்கு என்னைவிட நெருக்கமான பார்வையாளர் யார்? அறையில் மட்டும் காட்டினால் நான் வெளியே. நேரில் கூடுவதன் அருமையைப் பேசுகிறவர்கள் யாரால் கூட முடியும் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள், தயவுசெய்து.

இரவுவிளக்கு

செவ்வந்தி அக்கா, நீங்கள் சொன்னதை நான் யோசிக்கவே இல்லை. மன்னிக்க வேண்டும். நேற்றிலிருந்து அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

பழையரீல்

மூன்று நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். என் வேலை பழைய படச்சுருள்களைப் பாதுகாப்பது, அதனால் அந்தக் கண்ணோடுதான் சொல்ல முடியும்.

இரவுவிளக்கு 2014-ல் பார்த்த படைப்பு, உலாவியில் அசையும் படங்களை ஓட்டப் பயன்பட்ட அடோபி ஃபிளாஷ் என்ற மென்பொருளில் செய்யப்பட்டது. அந்தக் காலத்து ஊடாடும் ஆவணப்படங்கள் பெரும்பாலும் ஃபிளாஷ்தான். 2020 டிசம்பர் 31-ஆம் தேதியோடு ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்தியது, உலாவிகளும் அதைக் கைவிட்டன. பத்து வருட உழைப்பு ஒரே இரவில் சாம்பல் நிறக் கட்டமாகிவிட்டது. சிலவற்றை மீட்டிருக்கிறார்கள், பழைய மென்பொருளைப் போலவே நடந்துகொள்ளும் எமுலேட்டர் வைத்து ஓட்டுகிறார்கள். ஆனால் பணமோ பெரிய நிறுவனமோ பின்னால் இல்லாதவை போனது போனதுதான். 1920-களின் நைட்ரேட் சுருள் என் கையில் இன்னும் ஓடுகிறது. 2009-ன் வலைப்படைப்பு ஓடவில்லை.

இதனால் இணையம் வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. 22 துண்டுகளையும் எந்த மென்பொருளையும் நம்பாத சாதாரண வீடியோக் கோப்புகளாக, மூன்று இடங்களில் வையுங்கள். யாரிடமிருந்து யாருக்குப் போகலாம் என்ற வரைபடத்தைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். காகிதம் இருந்தால் இருபது வருடம் கழித்தும் யாரோ ஒருவர் ஒரு அறையில் இதை மறுபடி நடத்தலாம், நாடகப் பிரதி போல.

கோடுகள்_புள்ளிகள்

பழையரீல் ஐயா சொல்வது கசப்பாக இருந்தாலும் உண்மை. நான் எழுதிய முதல் படைப்பு இன்று எங்கும் இல்லை. என்னிடமே திறக்க முடியாத ஒரு கோப்பாகத்தான் கிடக்கிறது.

செவ்வந்தி சொன்னதை வைத்து ஒரு யோசனை. 2013-ல் கனடா வாரியமே ‘எ ஜர்னல் ஆஃப் இன்சோம்னியா’ என்று தூக்கமின்மை பற்றி ஒரு வலைப்படைப்பு செய்தது. முழுதும் பார்க்க வேண்டுமென்றால் இரவில் ஒரு நேரத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நேரத்தில் விழித்திருந்து வர வேண்டும். இணையம்தான், ஆனால் நினைத்த நேரத்தில் நினைத்தபடி தட்டிவிட்டுப் போக முடியாது. வருகிறேன் என்று வாக்குக் கொடுக்க வேண்டியிருக்கிறது. அறை இல்லாவிட்டாலும் ஒரே நேரத்தையாவது பகிர முடியும்.

பனைநிழல்

இது எனக்குப் பிடித்திருக்கிறது. நான் முதலில் கொஞ்சம் அவசரமாகத் தீர்ப்புச் சொல்லிவிட்டேன்.

மறுபக்கமும் உண்டு. ஒரே அறையில் இருந்தும் தனித்தனியாகப் போவது. 2017-ல் மெக்சிகோ இயக்குநர் இன்யாரிட்டு செய்த ‘கார்னே இ அரேனா’ என்ற மெய்நிகர் படைப்பில் மணலில் வெறுங்காலோடு ஒரு ஆள் மட்டும்தான் உள்ளே போக முடியும், தலையில் ஹெட்செட். எல்லை கடப்பவர்களின் அனுபவம். வலிமையான படைப்பு என்பதில் சந்தேகமில்லை. ஆனால் வெளியே வந்ததும் பக்கத்தில் யாரும் இல்லை. நேர்மாறாக, சாம் கிரீன் 2022-ல் செய்த ‘32 சவுண்ட்ஸ்’ நேரடிக் காட்சியில் பார்வையாளர்கள் அத்தனை பேரும் ஹெட்போன் மாட்டிக்கொள்கிறார்கள், அவர் மேடையில் நின்று பேசுகிறார். காது தனித்தனி, உடம்பு ஒரே இடத்தில். ஆகவே கருவியை மட்டும் வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. பக்கத்தில் இருப்பவர் நம் கணக்கில் வருகிறாரா என்பதுதான் கேள்வி.

புதியவன்07

ஒரு சந்தேகம். அறையில் காட்டினால் எப்படித் தேர்ந்தெடுப்பது? கை தூக்கி வாக்கு என்றால் எப்போதும் சத்தமாக இருப்பவர்கள்தானே ஜெயிப்பார்கள்? எங்கள் வகுப்பில் என்ன நடந்தாலும் அப்படித்தான்.

நடுவரிசை

நல்ல சந்தேகம். பெரும்பான்மை வாக்கில் சிறுபான்மையின் ஆர்வம் ஒவ்வொரு முறையும் தோற்கும், அதுவும் எல்லோர் முன்னாலும் தோற்கும். நான் நாடகத்தில் செய்வது, முறை வைப்பது. ஒருவர் தேர்ந்தெடுக்க வேண்டும், ஏன் என்று ஒரே வரியில் சொல்ல வேண்டும். அடுத்து, இன்னும் வாய் திறக்காத ஒருவரிடம் அவரே முறையைக் கொடுக்க வேண்டும். காரணம் சொல்லும்போதுதான் தேர்ந்தெடுத்தவரே தன்னைக் கவனிப்பார். முக்கியமான விதி, தொடங்கிய துண்டை முடிவு வரை பார்த்தே ஆக வேண்டும்.

பழையரீல்

இன்னொன்றும் உண்டு, இதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். படத்தில் இருப்பவர்களைக் கேட்டீர்களா?

1967-ல் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தை ஒட்டிய ஃபோகோ தீவில் காலின் லோ என்பவர் 27 குறும்படங்கள் எடுத்தார். தீவு மக்களை அங்கிருந்து குடிபெயர்க்கும் பேச்சு நடந்துகொண்டிருந்த நேரம். எடுத்ததை முதலில் அந்தத் தீவின் மக்களுக்கே போட்டுக் காட்டினார்கள். தான் வரும் பகுதியை வெளியே காட்டலாமா என்று சொல்லும் உரிமை படத்தில் இருந்தவருக்கு இருந்தது. ஒவ்வொரு காட்சிக்குப் பிறகும் பேச்சு நடந்தது. ஒரே தீவில் இருந்தும் கிராமத்துக்குக் கிராமம் பேசிக்கொள்ளாதவர்கள், திரையில் ஒருவரை ஒருவர் பார்த்து, நம் பிரச்சினைதான் அவர்களுக்கும் என்று கண்டார்கள். பின்னால் மீனவர் கூட்டுறவுச் சங்கம் உருவானது, தீவும் காலியாகவில்லை. படம் ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அந்தப் பேச்சு தொடங்கியதில் படங்களுக்குப் பங்கு உண்டு.

பாரிஸில் ஜான் ரூஷும் எட்கார் மோரனும் 1961-ல் வெளியிட்ட ‘ஒரு கோடையின் சரித்திரம்’ படத்திலும், எடுத்ததை நடித்தவர்களுக்கே, தவறு, வாழ்ந்தவர்களுக்கே போட்டுக்காட்டி அவர்கள் வாதிடுவதையும் படத்தில் சேர்த்திருப்பார்கள். சிலருக்கு அது பிடிக்கவில்லை, அதையும் மறைக்கவில்லை.

உங்கள் 22 பேரும் ஒரே ஊரின் ஒரே இரவில் வேலை செய்கிறவர்கள். ஒருவரை ஒருவர் அவர்கள் பார்த்திருக்கிறார்களா?

இரவுவிளக்கு

இல்லை, ஐயா. ஒருவரும் பார்த்ததில்லை. நான் ஒருவன்தான் 22 பேரையும் பார்த்தவன். இதை நீங்கள் கேட்கும் வரை எனக்கு உறைக்கவில்லை.

ஒவ்வொருவராகப் போய்க் கேட்கிறேன். கொஞ்ச நாள் ஆகும்.

கோடுகள்_புள்ளிகள்

காட்சி நடத்தும்போது சில நடைமுறை விஷயங்கள், நான் பட்டுத் தெரிந்தவை. 22 முகங்களை ஒரே நேரத்தில் காட்டாதீர்கள். ஒரு துண்டு முடிந்ததும் நான்கு முகங்கள் மட்டும் வரட்டும். சுவருக்கு எழுத்துகள் பெரிதாக இருக்க வேண்டும், மடிக்கணினியில் படிப்பது பின்வரிசைக்கு எறும்பு. வீடியோக்கள் எல்லாம் கணினியிலேயே இருக்கட்டும், வைஃபையை நம்பி இறங்காதீர்கள். ஒலிபெருக்கியை முந்தின நாளே சோதியுங்கள். இரவுச் சத்தங்கள் மெல்லியவை, மின்விசிறியே விழுங்கிவிடும்.

செவ்வந்திக்கு ஒரு வழி வையுங்கள். வீடியோ அழைப்பில் அவரும் ஒரு முறை தேர்ந்தெடுக்கலாம்.

இரவுவிளக்கு

ஏழு வாரம் கழித்து எழுதுகிறேன். இழையை மேலே கொண்டுவருவதற்கு மன்னிக்கவும்.

22 பேரில் 19 பேர் காட்டலாம் என்றார்கள். இருவர் இணையத்தில் வேண்டாம், அறையில் மட்டும் என்றார்கள். ஒருவர் எங்குமே வேண்டாம் என்றார், அவர் துண்டை எடுத்துவிட்டேன். பார்க்க வருகிறேன் என்று சொன்னவர்கள் ஒன்பது பேர். கடைசியில் வந்தவர்கள் நான்கு பேர், மற்றவர்களுக்குப் பணி. இரவுப்பணிக்காரர்களை மாலையில் கூப்பிட்டால் அப்படித்தான் ஆகும், அடுத்த முறை காலையில் வைக்க வேண்டும்.

மொத்தம் 26 பேர். யார் படத்தில் இருப்பவர் என்று நான் அறிமுகம் செய்யவில்லை. அப்படித்தான் வேண்டும் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். செவ்வந்தி அக்கா அழைப்பில் இருந்தார். மூன்றாவது வரிசையில் ஒரு நாற்காலியில் கைபேசியைச் சாய்த்து வைத்து, அவர் குரலுக்கு ஒரு சின்ன ஒலிபெருக்கி வைத்தேன். பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர் காவலாளிப் பெரியவர்.

நடுவரிசை சொன்ன விதிப்படி, ஒருவர் தேர்ந்தெடுத்து, காரணம் சொல்லி, அடுத்தவரிடம் முறையைக் கொடுத்தார். முதல் கால் மணி நேரம் தயக்கமாகத்தான் போனது. செவிலியர் மூச்சு வாங்கும் இடத்தில் நான் படத்தை நிறுத்தவில்லை, நிறுத்தத் தேவைப்படவில்லை. 26 பேரும் அவரோடு சேர்ந்து காத்திருந்தார்கள். அந்த நான்கு விநாடி அவ்வளவு நீளமானது என்று எடுத்த எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

இனிச் சொல்வதுதான் எனக்கு இன்னும் தொண்டையில் நிற்கிறது. நான்கு முகங்களில் ஒன்றாகக் காவலாளியின் முகம் மூன்று முறை வந்தது. மூன்று முறையும் யாரும் அவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லை. ஒரு காவலாளி நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் படம், பக்கத்தில் ஆம்புலன்ஸ், உயரமான கிரேன், வேறென்ன செய்வார்கள். ஆனால் அவர் அங்கே மூன்றாவது வரிசையில் இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொரு முறையும் எனக்கு உள்ளங்கை வியர்த்தது. இணையத்தில் இருந்திருந்தால் இது ஒரு எண். யாரும் தொடாத முகம், எத்தனை பேர் தொடவில்லை என்று எனக்கு ஒரு பட்டியல் வரும், அவருக்குத் தெரியவே தெரியாது.

அப்புறம் செவ்வந்தி அக்காவின் முறை. அவர் வால்வு திறப்பவரைத் தேர்ந்தெடுத்தார். அது முடிந்ததும், “பக்கத்தில் இருக்கிறவருக்கு என் முறையைக் கொடுக்கிறேன்” என்றார். முகம் தெரியாமல்தான் சொன்னார்.

பெரியவர் எழுந்து நின்றார். நான்கு முகங்களில் அவர் முகமும் இருந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை. ஆம்புலன்ஸ் ஓட்டுநரைக் காட்டினார். “இந்த வண்டி போற சத்தம் தினமும் எனக்குக் கேக்கும். ரெண்டரை, மூணு மணிக்கு. யாருக்கு என்ன ஆச்சோன்னு நெனப்பேன். ஓட்டுறவரை இன்னிக்குத்தான் பாக்கப் போறேன்.”

அப்போதுதான் அறையில் பலர் திரையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள். ஓட்டுநர் துண்டு ஓடியது. முடிந்ததும் முன்வரிசையில் இருந்த பெண் எழுந்து, பெரியவரின் துண்டைப் போடச் சொன்னார். நான் மவுஸை நகர்த்தினேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். “நான்தான் இங்கேயே இருக்கேனே. என்ன கேக்கணுமோ கேளுங்க.”

நாற்பது நிமிடம் பேசினார். கேமரா முன்னால் என்னிடம் சொல்லாதவை நிறைய. அவர் துண்டு அன்றைக்கு ஓடவே இல்லை.

பழையரீல் ஐயா, வரைபடத்தைக் காகிதத்தில் எழுதிவிட்டேன். இந்த இடத்தை எப்படி எழுதுவது என்றுதான் தெரியவில்லை.

பழையரீல்

“இங்கே படத்தை நிறுத்தவும். ஆள் இருந்தால் அவரிடம் கேட்கவும்” என்று எழுதுங்கள்.

பனைநிழல்

அந்த ஓட்டுநர் வந்திருந்தாரா?

இரவுவிளக்கு

இல்லை, அன்று அவருக்குப் பணி. பெரியவர் அவர் எண்ணை வாங்கிக் கொடுக்க முடியுமா என்று கேட்டார். ஓட்டுநரிடம் கேட்டுவிட்டுக் கொடுத்திருக்கிறேன். அடுத்த காட்சி காலை எட்டு மணிக்கு, பணி முடிந்து வருகிறவர்களுக்காக. இணைய வடிவமும் வரும், இரவு பதினொன்றிலிருந்து நான்கு மணி வரை மட்டும் திறக்கும், வருபவர் நேரம் குறித்துக்கொள்ள வேண்டும். அறையில் மட்டும் என்று சொன்ன இருவரும் அதில் இருக்க மாட்டார்கள்.

செவ்வந்தி

என் பக்கத்திலிருந்து ஒன்று சொல்ல வேண்டும். நடுவில் கைபேசி நாற்காலியில் சரிந்துவிட்டது. எனக்குக் கூரை மட்டும்தான் தெரிந்தது. சொல்லலாமா, படத்தைக் கெடுக்க வேண்டாமா என்று யோசிப்பதற்குள் ஒரு கை வந்து எடுத்தது. அந்தப் பெரியவர்தான். திருப்பிச் சுவரைப் பார்க்க வைத்து, அப்புறம் கீழே வைக்கவே இல்லை, காட்சி முடியும் வரை கையிலேயே பிடித்திருந்தார். தன் முறைக்கு எழுந்தபோதும் என்னைக் கையோடு தூக்கிக்கொண்டுதான் நின்றார். அதற்குப் பிறகு எனக்குப் பாதிச் சுவரும் மீதிப் பாதி அவர் கட்டைவிரலும்தான் தெரிந்தது. எடுக்கச் சொல்ல மனம் வரவில்லை.

காலை எட்டு மணிக்கு நான் விழித்திருப்பேன். அதே நாற்காலியில் வையுங்கள்.